பின்சீட்டுக்கு மட்டும் கறுப்பு

கார் கண்ணாடிக்கு என்ன நிறத்தில் ஃபிலிம் ஒட்டுவது என்று முடிவெடுக்க எங்கள் வீட்டில் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். காரை வாங்கியது என் வீட்டுக்காரர். அதில் உட்காரப்போகிறவள் நான். முடிவெடுக்க வந்தது என் நாத்தனார், அவருடைய அக்கா. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் காரில் ஏற வேண்டிய அவசியமும் இல்லை. ஃபேரர் பார்க்கில் அவள் வீட்டிலிருந்து இறங்கினால் எதிரிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம். ஆனாலும் எங்கள் வீட்டுத் திரைச்சீலையிலிருந்து என் மகள் படிக்கப்போன படிப்பு வரைக்கும் அவள் மூக்கை நுழைக்காத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மூக்கைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

முதலில் ஃபிலிம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வெயில் ஆகாது. நிறம் மங்கிவிடுமே என்று குடை பிடிக்கிறார்களே, அந்த ஆகாது இல்லை. லூபஸ் என்று ஒரு நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, என் உடம்போடேயே சண்டைக்கு நிற்கிறது. வெயில் பட்டால் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்துவிடும், மூட்டுக்கு மூட்டு வலிக்கும், காய்ச்சல் வந்து படுத்துவிடுவேன். காய்ச்சல் போனாலும் முகத்தில் வந்தது போகவில்லை. கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக அங்கேயே தங்கிவிட்டது.

இந்த ஊரில் முகத்தில் ஒரு பரு வந்தாலே ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும்! தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னாச்சும்மா மூஞ்சிக்கு என்பார். பூக்கடைக்காரம்மா கற்றாழை தடவச் சொல்வார். லிஃப்டில் வருகிற பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றும் கேட்கமாட்டாள். தன் குழந்தையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்வாள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் பொறுமையாக நோயின் பெயர் சொல்லி விளக்கினேன். அப்புறம், ஒட்டாது, பயப்படாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். கடைசியில் பகலில் வெளியே போவதையே விட்டுவிட்டேன். செம்பவாங்கில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து தேக்கா இருக்கிற சிராங்கூன் ரோட்டுக்கு ரயில் மாறிப்போய், வெயிலில் நடந்து, நாலு பேருக்குப் பதில் சொல்லித் திரும்பி வர எனக்கு உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

அப்போதுதான் அவர் இந்த மின்சாரக் கார் வாங்கினார். இந்த ஊரில் கார் வாங்குவதென்றால் சும்மா இல்லை. பெஞ்சாதிக்காக வாங்கினேன் என்று ஆபீஸில் சொன்னார், கோயிலில் சொன்னார், கீழ்வீட்டு மலாய்க்காரரிடமும் சொன்னார். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்: காலை பத்து மணிக்குக் கிளம்புவது, அவர் பக்கத்தில் முன்சீட்டில் உட்காருவது, சிராங்கூன் ரோட்டில் மெதுவாகப் போவது, மாலை கட்டுகிறவர்களையும் காய்கறிக் கூடைகளையும் வெளிச்சத்தில் பார்ப்பது. அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு மேலே ஒரு மண்ணும் நான் கேட்கவில்லை.

வெயிலில் என்னைப் படுத்துவது புற ஊதாக் கதிர், காரின் பக்கக் கண்ணாடி வழியாகக்கூட அது உள்ளே வரும், அதனால் நல்ல ஃபிலிம் ஒட்டிக்கொள்ளுங்கள், நிறம் முக்கியமில்லை, தெளிவானதே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொல்லும்போது என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நாத்தனாருக்குத் தெரிந்த கடை. அவளுக்குத் தெரியாத கடைக்கு இந்தத் தீவில் உரிமமே கொடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது. நாங்கள் போவதற்கு முன்பே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் சீனர், வாயெல்லாம் சிரிப்பு. என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு ஒரு கணம் நின்றது. அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து மட்டுமே பேசினார். நான் கேட்கிற கேள்விக்கும் அவரைப் பார்த்துத்தான் பதில்.

மேசைமேல் ஒரு சூடான விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடித் துண்டை நிறுத்தி, பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். மலிவான கறுப்புக்குப் பின்னால் வைத்த கை சுட்டது. அடுத்து வெறும் கண்ணாடி போலவே இருந்த ஒன்றை வைத்தார். சூடே தெரியவில்லை. கதிரை அளக்கிற ஒரு சின்ன மீட்டரையும் பின்னால் வைத்துக் காட்டினார், முள் அசையவில்லை. அதே தரத்தில் கறுப்பும் இருக்கிறது என்று எடுத்து வைத்தார். அதிலும் முள் அசையவில்லை. ஆக, வெயிலுக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே இருக்கிற ஆள் தெரியுமா, தெரியாதா என்பது மட்டும்தான் வித்தியாசம். முன்பக்கம் கறுப்பு ஒட்டச் சட்டம் விடாது, பின்பக்கம் வேண்டுமானால் ஒட்டலாம் என்றும் சொன்னார்.

எனக்கு நாலு பக்கமும் தெளிவானது போதும் என்றேன். உடனே நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கறுப்புதான் கண்ணுக்குக் குளிர்ச்சி, கறுப்புதான் காருக்கு எடுப்பு, அவள் மருமகன் காரில்கூடக் கறுப்புதான் என்று ஆரம்பித்தாள். எனக்கு வெளியே பார்க்க வேண்டும் அண்ணி என்றேன். உள்ளேயிருந்து எல்லாம் தெரியும் என்றாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

“நீ எல்லாரையும் பாக்கலாம், உன்ன யாரும் பாக்க முடியாது. மறைச்சுக்கலாம்ல? உனக்கு நல்லதுதானேம்மா” என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. மறைப்பதற்கு நான் என்ன திருடிவிட்டா வந்திருக்கிறேன்? கடைக்காரர் முன்னால் கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தெளிவானதுதான் வேண்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன். என் வீட்டுக்காரர் நடுவில் வந்து, சரி சரி, இவள் கேட்கிற தெளிவானதே இருக்கட்டும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைத்தால் இப்போதும் என்மேலேயே கடுப்பாக வருகிறது.

காரை விட்டுவிட்டுப் போங்கள், ஒட்டிவைக்கிறேன், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். ஒட்டியபிறகு சில நாளைக்குக் கண்ணாடியை இறக்கவே கூடாது, பசை காய்ந்திருக்காது, இறக்கினால் சுருங்கிப் பாழாகிவிடும் என்றும் எச்சரித்தார். அப்படியானால் காய்ந்தபிறகு பூஜை போடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். நாத்தனார் காலண்டரை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். நாளைக்குத்தான் நல்ல நாள், அதை விட்டால் அஷ்டமி, அதற்கப்புறம் மாதமே சரியில்லை. ஈரப்பசையோடு எந்த ஊரிலாவது காரைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்களா? நாங்கள் கொண்டுபோனோம்.

மறுநாள் காலை அவர் தனியாகப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டுப்புடவை கட்டி, கிரீம் தடவி, குடையோடு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காத்திருந்தேன். மின்சாரக் கார் என்பதால் வந்த சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறது. முன்பக்கம் பளிச்சென்று தெளிவாக இருந்தது. பின்பக்கம் மூன்று கண்ணாடியும் கன்னங்கரேலென்று இருந்தன.

அவர் இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் குடையைப் பார்த்துப் பேசினார். “அக்கா கடைக்குப் போன் பண்ணி மாத்திட்டாங்க போல. அவனும் ஒட்டிட்டான். இப்ப என்ன பண்றது லா.”

அப்படியே பின்கதவைத் திறந்துவிட்டார். முன்னால் வெயில் அடிக்குமாம். பின்னால் எனக்கென்றே ஒட்டியிருக்கிறதாம். முன்னால் ஒட்டியதும் அதே வெயிலைத்தானே தடுக்கிறது என்று கேட்க வந்தேன். அதற்குள் முன்சீட்டைப் பார்த்துவிட்டேன். அங்கே ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. திருஷ்டி கழிப்பதற்கு நாத்தனார் வாங்கிக் கொடுத்தனுப்பியது. இந்தக் காரில் சீட்டில் கொஞ்சம் கனமாக ஏதாவது இருந்தாலே ஆள் என்று நினைத்து, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கூவிக்கொண்டே இருக்கும். அதனால் பூசணிக்காய்க்கு சீட் பெல்ட் போட்டுவிட்டிருந்தார், என் புருஷன்.

நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம் என்று பின்னால் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க மனசுக்குள் நாத்தனாரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு நாக்கு அழுக, அவள் காலண்டர் கிழிய என்று ஒன்று விடாமல் திட்டினேன். அவள்மேல் கோபப்படுவது எனக்குப் பழகிய வேலை, யோசிக்காமலே வரும். வெளியே எல்லாம் தெரிந்தது, அவள் சொன்னது போலவே. ஆனால் காலை பத்து மணி, மழைக்கு முந்திய சாயங்காலம் மாதிரி இருந்தது. சிராங்கூன் ரோட்டில் பூக்கடைக்காரம்மா மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கிறேன். கண்ணாடியைத் தட்டிக் கையைக்கூட ஆட்டினேன். அவர் கருங்கண்ணாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பூவைப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கோயிலை ஒட்டிய தெருவில் காரை நிறுத்தினார். நாத்தனார் அங்கே தாம்பாளத்தோடு தயாராக நின்றாள். வெயிலில் இறங்க வேண்டாம், உள்ளேயே இரு என்று எனக்கு உத்தரவு. எனக்கென்று வாங்கிய காருக்கு நடக்கிற பூஜையை நான் உள்ளே உட்கார்ந்து கறுப்பாகப் பார்த்தேன். குருக்கள் சந்தனமும் குங்குமமும் வைத்தார், மாலை போட்டார், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். பண்ணியாச்சு என்றார் இவர். சத்தமே இல்லையே என்று குருக்கள் சந்தேகமாகப் பானட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

குருக்கள் கற்பூரம் எடுக்க உள்ளே போன நேரத்தில் நாத்தனார் என் கதவுப் பக்கம் வந்தாள். குனிந்தாள். என்னிடம் ஏதோ சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கருங்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்தாள். கொண்டைப் பூவை இழுத்துவிட்டாள். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நான் அங்கே இருப்பது அவளுக்கு ஞாபகமே இல்லை.

கண்ணாடி இறக்குகிற பொத்தான்மேல் கடைக்காரர் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். நகத்தால் கீறி அதைப் பிய்த்தேன். பொத்தானை அமுக்கினேன்.

கண்ணாடி இறங்க இறங்க ஃபிலிம் மேல்விளிம்பிலிருந்து சுருங்கிச் சுருண்டது, கொதித்த பாலின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்குகிறாற்போல. நாத்தனார் உதட்டைத் தூக்கியபடியே நின்றாள். வெயில் நேராக என் முகத்தில் அடித்தது.

“நல்லாப் பாத்துக்குங்க அண்ணி. என் மூஞ்சிய மறைக்க நீங்க யாரு?” என்றேன்.

தெருவில் நாலு பேர் திரும்பினார்கள். கற்பூரத்தட்டோடு வெளியே வந்த குருக்கள் அப்படியே நின்றார். நாத்தனாருக்கு முகம் கறுத்தது. அவள் எந்தக் காலத்திலும் வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை. அன்றைக்கு அது எனக்கு உபயோகமாகப் போயிற்று.

“நானா? எல்லாப் பழியும் எனக்கா?” என்றாள். “உன் புருஷன்தான் ராத்திரி போன் பண்ணான். ‘பின்னாடி கறுப்பாப் போடச் சொல்லிட்டேன்கா, அவ கேட்டா நீ சொன்னதா இருக்கட்டும்’னான். கேளு அவன. இங்கதானே நிக்கிறான்.”

அவர் குனிந்து, முன்சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைச் சரி செய்துகொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது. அக்கா சொல்வது பொய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் இருந்தேன். அவர் நிமிரவே இல்லை.

அத்தனை வருஷமும் கோபத்தை எந்த வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது தப்பான வாசல். அங்கேயே அழுதிருப்பேன். நாத்தனார் முன்னால் அழுவதில்லை என்று ஒரு வைராக்கியம் எனக்கு உண்டு, அதுதான் காப்பாற்றியது. உண்மையா என்று அவரைக் கேட்டேன்.

எலுமிச்சம்பழத்தைப் பார்த்தபடியே சொன்னார். “எங்க போனாலும் கேக்குறாங்க. உன் ஒய்ஃபுக்கு என்னாச்சு, என்னாச்சுன்னு. ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு.”

“கேள்வி மட்டும்தான் உங்களுக்கு. மூஞ்சி எனக்கு” என்றேன்.

கதவைத் திறந்து இறங்கினேன். வெயில், வெயில் என்று அவர் பதறினார். அந்தக் கரிசனத்தைக் கேட்டு எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. முன்கதவைத் திறந்தேன். பூசணிக்காய் பெல்ட்டோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பெல்ட்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய்ப் பின்சீட்டில் வைத்து, கதவைச் சாத்தினேன். முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். குருக்கள் பாவம், ஒன்றும் கேட்காமல் எனக்கும் காருக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயைக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாத்தனார் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஃபேரர் பார்க் பக்கம் நடையைக் கட்டினாள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. சத்தமில்லாத வண்டி என்பதால் நாலு எலுமிச்சம்பழமும் ஒவ்வொன்றாக நசுங்கியது உள்ளே வரைக்கும் கேட்டது.

அந்த வெயிலுக்கு நான் ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். முகம் வீங்கிப் பழுத்துவிட்டது. அவர் லீவு போட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார். தெளிவான ஃபிலிமாக மாற்றிவிடலாம் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். உங்கள் இஷ்டம், அங்கே நான் உட்காரப்போவதில்லை என்றேன். பூசணிக்காயை வெட்டிக் கூட்டு வைத்தார். உப்பு போதவில்லை.

ஃபிலிமை இன்னும் மாற்றவில்லை. ஒரு பக்கக் கண்ணாடி சுருங்கிப்போய், பார்க்க அசிங்கமாக அப்படியே இருக்கிறது. யாராவது கேட்டால் அவரே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நாத்தனாரோடு சமாதானமாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உண்மையைச் சொல்லிவிட்டாள் என்பதற்காக அவள் நல்லவளாகிவிடமாட்டாள். மறைச்சுக்கலாம்ல என்ற வார்த்தையைக் கடையில் வைத்துச் சொன்னது அந்த வாய்தான். இப்போதும் கல்யாண வீடுகளில் பார்த்தால் பசியாறிட்டீங்களா அண்ணி என்று கேட்பேன், அதோடு சரி.

வாரம் ஒரு நாள் காலையில் சிராங்கூன் ரோட்டுக்குப் போகிறோம். நான் முன்சீட்டில்தான். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருக்கிறவர்கள் தெளிவான கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் அவர்களைப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் என் வீட்டுக்காரர்தான்.